எண்ணெய் வெளியே போகட்டும், காற்று உள்ளே வரக் கூடாது

ரிமோட்டில் ஓடும் ஆர்.சி. நைட்ரோ டிரக் வைத்திருக்கும் நண்பர்களுக்கு,



உங்களில் பாதிப்பேர் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: "அண்ணே, இன்ஜின்ல ஆயில் லீக் ஆகுது, எதை மாத்தணும்?" எங்கே ஒழுகுகிறது என்று திருப்பிக் கேட்டால், "அடியில எல்லாம் ஒரே எண்ணெயா இருக்கு" என்பீர்கள். அதற்குள் கேஸ்கட், பேரிங், ஓ-ரிங் எல்லாம் சேர்ந்த ஒரு செட்டுக்கு வெளிநாட்டில் ஆர்டரும் போட்டிருப்பீர்கள். பார்சல் வர வாரக்கணக்காகும். சுங்க வரி தனி. வந்ததும் இன்ஜினைப் பிரித்து எல்லாவற்றையும் மாற்றி ஓட்டினால், அடியில் மறுபடி அதே எண்ணெய். வெறுத்துப்போய் வண்டியைப் பரணில் ஏற்றிவிடுகிறீர்கள். அப்படிப் பரணேறிய வண்டிகளில் பலவற்றுக்குக் கோளாறே கிடையாது என்பது என் கட்சி.

கார் இன்ஜினில் இருப்பதுபோல இந்த இன்ஜினில் ஆயில் சம்ப் கிடையாது. எண்ணெய் எரிபொருளிலேயே கலந்து வருகிறது. மெத்தனால், நைட்ரோமீத்தேன், எண்ணெய் மூன்றும் சேர்ந்ததுதான் நாம் ஊற்றும் எரிபொருள். நைட்ரோ எத்தனை சதவீதம் என்று டப்பாவில் பெரிய எழுத்தில் போடுவார்கள். எண்ணெய் எவ்வளவு என்பதைத் தேடித்தான் படிக்க வேண்டும். பொதுவாக 8 முதல் 20 சதவீதத்துக்குள் இருக்கும். மெத்தனாலும் நைட்ரோவும் எரிந்துபோகும். எண்ணெயில் பெரும்பகுதி எரியாது. 125 மில்லி டேங்கில் 12 சதவீத எண்ணெய் என்றால் 15 மில்லி, அதாவது மூன்று தேக்கரண்டி. ஒவ்வொரு டேங்குக்கும் அதில் பெரும்பங்கு சைலன்சர் வழியாக வெளியே வந்தாக வேண்டும். வரவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

டி.வி.எஸ். 50 ஓடிய வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. சைலன்சர் முனையில் கறுப்பாகக் கசிந்து, வண்டி நிறுத்துகிற இடமெல்லாம் கறை போடும். அதைப் பார்த்து யாரும் இன்ஜினைப் பிரிக்கவில்லை. அதில் பெட்ரோலோடு கலந்த டூ-டி ஆயிலின் பங்கு மிகக் குறைவு. உங்கள் டிரக்கின் எரிபொருளில் எண்ணெய் அதைவிடப் பல மடங்கு.

இந்த எண்ணெயில் ஒரு பங்கு, பல எரிபொருள்களில் இன்றும் ஆமணக்கெண்ணெய்தான். நம் வீட்டு விளக்கெண்ணெய். உலகச் சந்தைக்கு அதைப் பெருமளவில் அனுப்புவது குஜராத். அமெரிக்காவில் டின்னில் அடைத்து விற்கும் எரிபொருளிலும் நம்மூர் ஆமணக்கு இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. இன்ஜின் அளவுமீறிச் சூடானாலும் உலோகத்தை விடாமல் ஒட்டிக்கொண்டு காப்பாற்றும் குணம் அதற்கு. அந்தக் குணமே சிலிண்டர் தலையின் துடுப்புகளிலும் மேனிஃபோல்டிலும் பழுப்பு வார்னிஷாகப் படிந்து உங்களைப் பயமுறுத்தவும் செய்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் பிஸ்டன் மேலே போகும்போது கிராங்க் கேஸுக்குள் உறிஞ்சல் உண்டாகிறது. கார்புரேட்டர் வழியாகக் காற்றும் எரிபொருளும் உள்ளே வருகின்றன. பிஸ்டன் கீழே இறங்கும்போது அதே கலவை அமுங்கி, சிலிண்டருக்கு ஏறுகிறது. ஆக, கிராங்க் கேஸில் ஒரு பொத்தல் இருந்தால் அது இரண்டு பக்கமும் வேலை செய்யும். அமுங்கும்போது எண்ணெயை வெளியே துப்பும். உறிஞ்சும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். துப்பியது நம் கண்ணுக்குத் தெரிகிறது, இழுத்தது தெரிவதில்லை. இன்ஜினைக் கொல்வது இழுத்த காற்றுதான்.

ஏனென்றால், அந்தக் காற்று எரிபொருளை அளந்துவிடும் கார்புரேட்டர் நீடிலின் கணக்கில் வராது. கலவையில் எரிபொருள் குறைந்து 'லீன்' ஆகிறது. எரிபொருள் குறைந்தால் எண்ணெயும் குறையும், இரண்டும் ஒரே டேங்கிலிருந்து வருவதால். சூடு ஏறுகிற அதே நேரத்தில் எண்ணெய் இறங்குகிறது. இவ்வகை இன்ஜின்களில் பெரும்பாலானவற்றில் பிஸ்டனுக்கு ரிங் கிடையாது. குரோமியம் பூசிய பித்தளை ஸ்லீவ் மேலே போகப்போக நூலளவு குறுகும். அந்த இறுக்கம்தான் கம்ப்ரஷன். நிமிடத்துக்கு 30,000 சுற்றில் எண்ணெய் இல்லாமல் ஓடினால் அந்த இறுக்கம் சில டேங்குகளிலேயே போய்விடும். பிறகு எந்த கேஸ்கட்டைப் போட்டும் பயனில்லை. பிஸ்டனும் ஸ்லீவும் ஜோடியாக வாங்க வேண்டியதுதான்.

அதனால் கசிவை எண்ணெயின் அளவை வைத்து எடை போடாதீர்கள். சைலன்சர் பக்கம் வழிந்து சேசிஸ் முழுக்கப் பூசியிருக்கும் எண்ணெய் பெரும்பாலும் துடைத்துவிட்டுப் போகிற சங்கதி. கார்புரேட்டர் கழுத்தில் மோதிரம்போலத் தெரியும் மெல்லிய ஈரம்தான் இன்ஜினை விழுங்கும்.

காற்று புகுகிறதா என்பதை எண்ணெயைப் பார்க்காமலே சொல்லலாம். திராட்டிலை விட்ட பிறகும் ரேஸ் இறங்காமல் தொங்கிக்கொண்டே இருந்து மெதுவாக அடங்கும். காலையில் சரியாக இருந்த ட்யூனிங் இரண்டாவது டேங்கில் கெட்டுப்போகும். வெப்பமானி 105 முதல் 130 டிகிரி செல்சியஸ் வரை காட்ட வேண்டிய இடத்தில், நீடிலைத் திறந்த பிறகும் மேலேயே நிற்கும். ஒரு டேங்குக்கு ஒரு தடவை நீடிலைத் திருகிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், கோளாறு நீடிலில் இல்லை. ஆனால் திராட்டில் லிங்கேஜ் எங்கும் உரசி நின்றுவிடாமல் முழுவதும் மூடுகிறதா என்று முதலில் பாருங்கள். ரேஸ் தொங்கினால் உடனே லீக் என்று முடிவு கட்டுவதும் தப்பு. குறைந்த வேகத்துக்கான ஸ்லோ நீடில் லீனாக இருந்தாலும் இதே தொந்தரவு வரும்.

நீடிலைத் திறந்து, கூடுதல் எரிபொருளால் காற்றுக் கசிவை ஈடுகட்டுவது பலருக்கும் கைவந்த கலை. அது ஈடாகாது. இன்ஜின் சூடாகும்போது பொத்தலின் அளவு மாறும்; ஐடிலில் புகும் காற்றின் விகிதம் ஒன்று, முழு வேகத்தில் ஒன்று. ஒரு நீடிலை வைத்து இரண்டையும் பிடிக்க முடியாது.

சரி, எங்கிருந்து கசிகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கழுவுங்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் பழைய டூத் பிரஷும் போதும். இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், கார்புரேட்டர் வாயைப் பாலித்தீனால் கட்டியிருக்க வேண்டும். ஃப்ளைவீலுக்குப் பின்னால், கார்புரேட்டருக்கு அடியில், இன்ஜினின் பின்மூடியான பேக் பிளேட்டின் ஸ்குரூ தலைகளுக்குள் என்று பழைய எண்ணெய் ஒரு சொட்டு இல்லாமல் போகட்டும். காய்ந்ததும் குழந்தைகளுக்குப் போடும் டால்கம் பவுடரை மெல்லியதாக இன்ஜின் மீது ஊதிவிடுங்கள். பாலித்தீனை எடுத்து, ஏர் ஃபில்டரை மாட்டி, சக்கரம் தரையில் படாமல் வண்டியை ஸ்டாண்டில் வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். இரண்டு நிமிடம் ஐடில் போதும். சுமை இல்லாமல் ரேஸ் கொடுத்து வேடிக்கை பார்க்க வேண்டாம். நிறுத்திவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைப் பவுடரில் எந்த இடம் முதலில் சாம்பல் நிறமாகிறதோ அங்கேதான் கசிவு. கடைசியில் எங்கே சொட்டுகிறது என்பதில் ஒன்றுமில்லை. எண்ணெய் ஓடிப்போய் சேசிஸின் தாழ்ந்த இடத்தில்தான் சேரும்.

அந்த ஈரத்தின் நிறத்தையும் கவனியுங்கள். எரிபொருளுக்குப் பெரும்பாலும் சிவப்பு, நீலம், பச்சை என்று சாயம் போட்டுத்தான் விற்கிறார்கள். வெள்ளைத் துணியில் ஒற்றி எடுத்தால் எரிபொருளின் நிறத்திலேயே இருக்கிறதா, அது இன்னும் எரியாத கலவை. கசிவு கார்புரேட்டரிலோ எரிபொருள் குழாயிலோ கிராங்க் கேஸிலோ இருக்கிறது. பழுப்பாகவோ கறுப்பாகவோ இருந்தால் எரிந்து வந்தது. மேனிஃபோல்ட், அதைச் சைலன்சரோடு இணைக்கும் கப்ளர், சிலிண்டர் தலை, குளோ பிளக் இவற்றில் ஒன்று. சாம்பல் நிறத்தில், விரலில் தேய்த்தால் மினுங்கினால், அதில் உலோகத் தூள் இருக்கிறது. அப்போது வண்டியை மேற்கொண்டு ஓட்டாதீர்கள்.

வாசனையே இல்லாமல், வழுவழுவென்று, காயாமல் இருந்தால் அது இன்ஜின் எண்ணெயே இல்லை. ஷாக் அப்சார்பரிலோ டிஃபரன்ஷியலிலோ இருந்து வந்த சிலிகான் எண்ணெய். இதை இன்ஜின் லீக் என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள் உண்டு.

முன் பேரிங்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதிகம் பழி சுமப்பது அதுதான். ஃப்ளைவீல் இருக்கிற கோட்டிலேயே, சேசிஸிலும் பாடியின் உட்புறத்திலும் ஒரு வில்போல எண்ணெய் தெறித்திருந்தால் அது முன் பேரிங்கிலிருந்து வந்தது. சுற்றுகிற ஃப்ளைவீல் வாரி இறைத்திருக்கிறது. ஆனால் இந்த இன்ஜின்கள் பலவற்றில் முன்பக்கம் காரில் இருப்பதுபோன்ற தனி ஆயில் சீல் கிடையாது. கிராங்க் தண்டுக்கும் கேஸுக்கும் நடுவில் உள்ள நுண்ணிய இடைவெளிதான் அடைப்பு. அதன் வழியே கொஞ்சம் எண்ணெய் வந்தால்தான் முன் பேரிங்குக்கே மசகு. கொஞ்சம் ஈரம் இருந்து, ஐடில் நிலையாக நின்று, சூடும் அளவோடு இருந்தால் அதைத் தொடாதீர்கள். கிளட்ச் பெல்லுக்குள் எண்ணெய் புகுந்து கிளட்ச் வழுக்குகிற அளவுக்கு வந்தாலோ, ஃப்ளைவீலைப் பிடித்து ஆட்டும்போது தண்டு பக்கவாட்டில் அசைந்தாலோ பேரிங்கை மாற்றும் வேளை வந்துவிட்டது.

21 அளவு (0.21 கன அங்குல) இன்ஜின்கள் பலவற்றில் முன் பேரிங் 7×19×6 மி.மீ.; பேரிங் கடையில் 607 என்று கேட்டால் கிடைக்கும் அளவு. அளவு பொருந்துகிறதே என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடாதீர்கள். உரசும் ரப்பர் சீல் இரண்டு பக்கமும் போட்ட சாதாரண 607-இன் வேக வரம்பு குறைவு. கேட்டலாக்கில் வேகத்தைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். பழையதைக் கழற்றச் சுத்தியல் வேண்டாம். கேஸைச் சூடாக்கினால் அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும். கவிழ்த்து மரப்பலகையில் தட்டினால் பேரிங் தானே விழும். சமையல் ஓவனில் மட்டும் வைக்காதீர்கள்.

கார்புரேட்டர் கழுத்துக்கு வருகிறேன். நான் பார்த்தவரை உண்மையான காற்றுக் கசிவில் முதலிடம் இதற்குத்தான். கழுத்து உட்காரும் இடத்தில் ஒரு ஓ-ரிங் இருக்கும். சூட்டில் நாளடைவில் தட்டையாகிவிடும். புதியது போட்டு, கார்புரேட்டரை விரலால் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டே பிஞ்ச் போல்ட்டை முடுக்க வேண்டும். அழுத்தாமல் முடுக்கினால் ஓ-ரிங்குக்கு மேல் ஒரு இடைவெளி நின்றுவிடும். போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் அது மூடாது. டிராக்ஸஸின் டி-மேக்ஸ் போன்ற வண்டிகளில் கார்புரேட்டர் உடம்பு பிளாஸ்டிக் கலவை. பலத்தைக் காட்டினால் வடிவம் கெடும். டி-மேக்ஸ் 1999-இல் வந்த வண்டி, பிறகு 2.5, 3.3 சி.சி. இன்ஜின்களோடும் வந்தது. இன்று கைமாறி வருகிற பழைய வண்டியில் இந்த ஓ-ரிங்கை யாரும் மாற்றியே இருக்க மாட்டார்கள். மூன்றாவது கையில் வாங்குபவர்கள் மறுபேச்சில்லாமல் முதலில் மாற்ற வேண்டியது அதுதான்.

பேக் பிளேட்டில் கசிந்தால் ஸ்குரூக்களைக் குறுக்கு மறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கிப் பாருங்கள். நிற்காவிட்டால் கேஸ்கட்டை மாற்றுங்கள். கயிறு இழுத்தோ மோட்டாராலோ பின்னாலிருந்து ஸ்டார்ட் செய்யும் இன்ஜின்களில் அந்தத் தகட்டின் நடுவே ஒரு தண்டு போகிறது. அதைச் சுற்றியும் கசியலாம். சிலிண்டர் தலை, குளோ பிளக் வாஷர், நீடில் ஓ-ரிங் மூன்றையும் பவுடரே காட்டிக்கொடுத்துவிடும்.

சைலன்சர் பக்கக் கசிவு துடைத்துவிட்டுப் போகிற சங்கதி என்றேன். அதற்கும் ஒரு எல்லை உண்டு. சைலன்சரின் அழுத்தத்தில் ஒரு பங்கு மெல்லிய குழாய் வழியே டேங்குக்குப் போய் எரிபொருளைத் தள்ளுகிறது. கப்ளர் கிழிந்து அழுத்தம் வெளியேறினால் டேங்கில் தள்ளும் வலு குறைந்து, கலவை லீன் ஆகும். டேங்க் மூடியின் ரப்பர் கெட்டாலும் இதே கதைதான். கப்ளரில் தலைமுடி அளவு ஈரம் இருந்தால் ஜிப் டையை இறுக்கிவிட்டு மறந்துவிடுங்கள். ஐடிலில் குமிழி பொங்கினால் கப்ளரை மாற்றுங்கள்.

பவுடரிலும் பிடிபடாவிட்டால் அழுத்தச் சோதனை. இன்ஜினைச் சைலன்சரோடு வெளியே எடுங்கள். சைலன்சர் முனை, கார்புரேட்டர் வாய், எரிபொருள் நுழையும் முனை மூன்றையும் ரப்பரால் அடையுங்கள். டேங்குக்குப் போகும் அழுத்தக் குழாய் முனையில் ஊசியில்லாத 50 மில்லி சிரிஞ்சைப் பொருத்தி மெதுவாகக் காற்றை அழுத்துங்கள். இணைப்புகள் மீதெல்லாம் சோப்பு நுரையைத் தடவி, ஃப்ளைவீலைக் கையால் மெல்லச் சுற்றினால் உள்ளே போர்ட்டுகள் ஒவ்வொன்றாகத் திறந்து காற்று எல்லா அறைக்கும் போகும். முன் பேரிங்கில் சிறு குமிழிகள் வரும், விடுங்கள். கார்புரேட்டர் கழுத்திலும் பேக் பிளேட்டிலும் ஒரு குமிழிகூட வரக் கூடாது. கம்ப்ரஸரைக் கொண்டுவராதீர்கள், அந்த அழுத்தத்துக்கு நல்ல ஓ-ரிங்கும் விட்டுக்கொடுக்கும், இல்லாத கசிவெல்லாம் தெரியும். சோதனை முடிந்ததும் உடனே துடைத்து, உலர்த்தி, ஓட்டி முடித்தபின் விடும் ஆஃப்டர்-ரன் ஆயிலைச் சில சொட்டு விட்டுச் சுற்றிவிடுங்கள். சோப்புத் தண்ணீர் உள்ளே தங்கினால் பேரிங் துருப்பிடிக்கும். கடற்கரை ஊர்களில் இருப்பவர்கள் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் இந்த ஆயிலை விட வேண்டும். மெத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கிற திரவம்.

சிரிஞ்சுக்குப் பதில் வாயால் ஊதுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தயவுசெய்து விட்டுவிடுங்கள். டேங்கைக் காலி செய்யக் குழாயை வாயில் வைத்து உறிஞ்சுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்ற சாராயத்தில் கலந்திருந்தது இதே மெத்தனால்தான். சிறிதளவே உள்ளே போனாலும் கண்பார்வை போகலாம். தோல் வழியாகவும் அது உடம்பில் ஏறும். தீப்பிடித்தால் பகல் வெளிச்சத்தில் சுடர் கண்ணுக்குத் தெரியாது. மிச்ச எரிபொருளைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைப்பது எவ்வளவு பெரிய ஆபத்து என்று நான் விளக்க வேண்டியதில்லை.

ஆர்.டி.வி. சிலிகான் பற்றிப் பலர் கேட்கிறீர்கள். சூடு தாங்கும் வகையாக வாங்கி, கழுத்திலும் பேக் பிளேட்டிலும் மெல்லிய படலமாகப் பூசலாம். ஒரு நாள் முழுக்க உலர விடுங்கள். வெளியே பிதுங்கி நிற்கும் அளவுக்குப் பூசினால் உள்ளேயும் அதே அளவு பிதுங்கியிருக்கும். அந்தத் துணுக்கு பிய்ந்து பேரிங்குக்குள் போகும். கசிகிற இடத்தின் மேல் வெளியிலிருந்து அப்புவது வெறும் ஒப்பனை, அதில் எனக்கு உடன்பாடில்லை.

இத்தனையும் செய்ய நேரமில்லை, என்னிடமே கொடுத்துவிடலாம் என்று நினைப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். வண்டியைக் கழுவாமல் கொண்டுவாருங்கள். புழுதியும் எண்ணெயும் குழைந்து எந்த இடத்தில் தடித்திருக்கிறது, எந்தத் திசையில் தெறித்திருக்கிறது என்பதைப் பார்த்தே பாதி முடிவுக்கு வந்துவிடலாம். பளபளவென்று துடைத்த இன்ஜினைத் தனியாக ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து நீட்டினால் அதில் எனக்கு ஒன்றும் தெரியாது. சைலன்சர், டேங்க், குழாய் எல்லாம் மாட்டியபடி முழு வண்டியும் வேண்டும். கடைசியாக எந்த ஸ்குரூவைத் தொட்டீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்